கடலைத் தின்ற பீரோ

சென்னையில் நான் கடைசியாக வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்குச் சமீபத்தில் ஒரு முறை போயிருந்தேன். கடல் நுண்ணோடுகள் பிரிவில் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. கழுவிக் காயவைத்த கடல் சேற்றை ஒரு பக்கம் கொட்டினால், அதில் உள்ள ஓடுகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, இனம் பிரித்து, மறுபக்கம் தனித்தனிக் குழியில் போட்டுவிடுகிறது. நான் நாள் முழுக்க முதுகு ஒடியச் செய்த வேலையை, எனக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் அது முடித்துவிட்டது. அங்கே இருந்த பிள்ளைகள், "சார், கையால எப்படிப் பொறுக்குனீங்கன்னு எழுதித் தாங்களேன்" என்றார்கள். மரியாதைக்குக் கேட்டிருப்பார்கள். மரியாதைக்குச் சொல்வதை எல்லாம் நிஜம் என்று நம்பும் ஆள் நான். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கடலின் மேல்மட்டத்தில், நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு மிதந்து திரியும் ஒற்றைச் செல் உயிர்கள் உண்டு. மணல் பருக்கையை விடச் சின்னவை. தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். செத்தால் உடம்பு கரைந்து போகும், ஓடு மட்டும் மெல்ல இறங்கி அடியில் சேறாகச் சேரும். அந்தச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, கழுவி, ஓடுகளை இனம்வாரியாக அடுக்கி வைத்தால், கடல் எந்தக் காலத்தில் குளிர்ந்தது, எந்தக் காலத்தில் சூடானது என்று சொல்லிவிடலாம். சொல்வது பெரிய படிப்புப் படித்தவர்கள். கழுவுவது நான்.

இதைச் செய்த இடம் கடற்கரை இல்லை. போடிநாயக்கனூருக்கு மேலே, மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏறும் பாதையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில். கடலை நான் நேரில் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்து வெகு காலம் கழித்துத்தான். பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இவ்வளவையும் யார் கழுவுவது என்பதுதான்.

சொந்த ஊர் ராசிங்காபுரம். விலங்கியல் பட்டத்தை இரண்டாவது முயற்சியில் வாங்கிக்கொண்டு, எழுபதுகளின் நடுவில், வரதராஜன் முதலாளியின் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை கேட்டுப் போனேன். எழுதிக் காட்டச் சொன்னார். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுறியேப்பு. எனக்கு ஒன்னும் தெரியல. நீ என் தங்கச்சிகிட்டப் போ. அவதான் எறும்பை விடச் சின்னதாப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

அந்தத் தங்கைதான் டாக்டர் வைதேகி அம்மா. வடக்கே ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தகப்பனார் படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொள்ள வந்தவர், அவர் காலமான பிறகும் திரும்பிப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்று கழித்துப் போடவிருந்த சேற்று மாதிரிகளையும், தான் சேர்த்த ஓடுகளையும் டிரங்குப் பெட்டிகளில் போட்டு லாரியில் கொண்டுவந்து, பங்களாவின் பக்கவாட்டு அறைகளில் வைத்து, வாசலில் 'கடல் நுண்ணோட்டுக் காட்சியகம்' என்று பலகை மாட்டியிருந்தார்.

டாக்டரம்மாவிடம் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். கம்பவுண்டர் வேலை என்று எங்கள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. சேறு கழுவுகிறேன் என்று சொல்வதை விட அது கௌரவமாக இருந்தது. வயிற்று வலிக்கு மருந்து கேட்டு வந்தவர்களுக்குக் கஷாயம் சொல்லி அனுப்பினேன். கம்பவுண்டர் என்றுதான் எனக்குப் பெண்ணும் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து மலைக்கு வந்த பேச்சியம்மாள், நான் சல்லடைக்கு முன்னால் குந்தியிருப்பதைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

"எங்கய்யா உங்களுக்கு ஊசி போடத் தெரியும்னாரு" என்றாள்.

"தெரியாது."

"இது என்ன மண்ணு?"

"கடல் மண்ணு."

"சரி, மண்ணாவது தூரத்து மண்ணா இருக்கே" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் என் வேலையைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. காய்ந்த சேற்றுக் கட்டியைச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மாவுச் சல்லடையை விட நெருக்கமான சல்லடையில் ஊற்றி, நூல் மாதிரி தண்ணீர் விட்டு அலச வேண்டும். தேய்க்கக் கூடாது. களிமண் கரைந்து போய், அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை மணல் நிற்கும். அது மணல் இல்லை, அத்தனையும் ஓடுகள். அடுத்த மாதிரியைக் கழுவும் முன் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். பழைய ஓடு ஏதாவது கண்ணியில் ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும், புதியதோடு கலந்தாலும் கண்டுபிடித்து எறிந்துவிடலாம். முதல் மாதம் நான் என் விரல், வேட்டி, மூக்கு நுனி எல்லாவற்றையும் நீலமாக்கிக்கொண்டேன். சல்லடை மட்டும் வெள்ளையாக இருந்தது.

அப்புறம் பொறுக்கும் வேலை. கறுப்புத் தட்டில் ஓடுகளைத் தூவி, நுண்ணோக்கியில் பார்த்தபடி, இரண்டு மூன்று மயிர் மட்டும் விட்ட தூரிகையை நாக்கில் நனைத்து, ஒரு ஓட்டின் மேல் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். அதை அட்டைச் சில்லின் குழியில், பிசின் தடவிய கறுப்புக் காகிதத்தில் உட்கார்த்தி, மேலே கண்ணாடி மூட வேண்டும். பிசினில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம். தூரிகையில் ஒட்டியதை வைக்க மறந்து மறுபடி நாக்கில் வைத்து நான் விழுங்கிய ஓடுகள் எத்தனையோ. பல லட்சம் வருஷம் கடலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது என் வயிற்றில் போய் முடிந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. தவறு செய்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மறுபடி பாத்துருவோமா?" என்பார். பார்த்துருவோமா என்பதில் இரண்டு பேர் இருப்பது போலத் தெரியும். மறுபடி பார்ப்பது எப்போதும் நான் ஒருவன்தான். வேலைக்காரன் என்று என்னை அவர் ஒருமையில் அழைத்ததே இல்லை. அந்த அறையில் அவர் வைத்திருந்த சட்டங்கள் மூன்றுதான். மின்விசிறி கூடாது. மூக்குப்பொடி கூடாது. மூன்றாவதை அவர் வாயாலேயே சொல்கிறேன்: "சங்கரபாண்டி, தும்மல் வந்தா முதல்ல எந்திரிங்க. அப்புறம் வெளிய போங்க. அப்புறம் தும்முங்க. வரிசை மாறக் கூடாது."

காட்சியகம் பார்க்க ஆட்களும் வருவார்கள். ஒரு முறை பொட்டிபுரத்திலிருந்து ஜீப்பு நிறைய ஒரு குடும்பம் வந்தது. கடல் காட்சி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், திமிங்கிலம் இருக்கும் என்று நினைத்து வந்துவிட்டார்கள். நான் இருந்ததிலேயே பெரிய ஓட்டை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன்.

"எங்கப்பு?" என்றார் பெரியவர்.

"அந்தப் புள்ளிதாங்கய்யா."

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார். "இதப் பாக்கவா பிள்ளைகள வாந்தி எடுக்க வச்சுக் கூட்டியாந்தோம்?"

நுண்ணோக்கியில் பாருங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அருவி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

வரதராஜன் முதலாளிக்கும் தங்கையின் வேலையில் ஏறக்குறைய இதே மரியாதைதான். அவர் ஏலக்காயைக் கையில் அள்ளியதுமே அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். போடியில் காயை ஏலம் விடும் கூடத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அப்படிப்பட்ட வீட்டில், இவ்வளவு படித்த தங்கை சேற்றோடு உட்கார்ந்திருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னும் மண்ணுதானா?" என்று கேட்டபடியே அறையைக் கடந்து போவார். காய்ப்பு நேரத்தில் மூட்டை போட அந்த அறைகளையும் கேட்பார். அம்மா, "தர்றேண்ணே" என்று சிரிப்பார், தரமாட்டார். அண்ணன் ஒரு நாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை. அது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய குறை என்பது எனக்கு அப்போது தெரியாது.

எண்பதுகளின் ஆரம்பத்தில், மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய அருங்காட்சியகம் இந்தச் சேகரிப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது. ஒரு பேராசிரியர் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. நல்ல முடிவு வந்தால் அம்மாவுக்கும் அங்கே இடம் உண்டு, உதவியாளனாக எனக்கும் வேலை உண்டு. அதைவிட முக்கியமாக, சேகரிப்பில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு இனத்தை அம்மா கண்டுபிடித்திருந்தார். மூன்று உருண்டை ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மொத்தமே ஏழெட்டு ஓடுகள்தான் கிடைத்திருந்தன. அவற்றில் முதல் ஓட்டைச் சேற்றிலிருந்து எடுத்தது நான். தெரிந்து எடுக்கவில்லை, தூரிகையில் வந்தது. ஆனாலும் கண்டெடுத்தவர் பெயரை இனத்துக்கு வைப்பது உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து, 'சங்கரபாண்டியை' என்று லத்தீன் வால் ஒட்டி மேசைத் தூசியில் விரலால் எழுதிப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் வரப்போகும் செய்தி முதலாளி காதுக்கும் போனது. ஒரு நாள் லாரியில், சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று வந்து இறங்கியது. சாக்கை விலக்கினால், மஞ்சள் மெருகு மின்ன, ஆளுயரப் பீரோ. உள்ளே மெல்லிசான இழுப்பறைகள், ஓடுகளின் அட்டைச் சில்லுகளுக்கு அளவெடுத்துச் செய்தவை. எப்போது அளவெடுத்தார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

"அப்பா நட்ட பலா, காத்துல விழுந்துருச்சுல்ல?" என்றார், தங்கையைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்துக்கொண்டே. "விறகாப் போக வேணாம்னு பாத்தேன். பெரிய மனுசன் வந்து பாக்கும்போது டப்பாவும் தகரமுமா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மா ஒரு இழுப்பறையை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். அண்ணன் போன பிறகு என்னிடம், "எல்லாத்தையும் இதுல மாத்திருவோம்" என்றார். மாற்றியது நான்.

ஐப்பசி மழை பிடித்தது. மலையில் மழை என்றால் சுவரே நனைந்திருக்கும். இழுப்பறையைத் திறந்தபோதெல்லாம் புளிச்ச வாடை ஒன்று வந்தது. என் சோற்றுச் சட்டியின் ஊறுகாய் என்று நினைத்தேன். பேச்சியிடம் சண்டை போட்டு ஊறுகாயை நிறுத்தச் சொன்னேன். அவள் நிறுத்தினாள், வாடை நிற்கவில்லை. அப்புறம் ஒரு நாள், ஓடுகளின் மேல் மெல்லிய வெள்ளை ரோமம் பூத்திருப்பதைப் பார்த்தேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசித்தேன்.

"அம்மா, இங்க வந்து பாருங்க. ஓடெல்லாம் பூத்திருக்கு. பனி பேஞ்ச மாதிரி அம்புட்டு அழகா இருக்கும்மா."

அவர் வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சில்லை வாங்கினார், இன்னொன்றை வாங்கினார்.

"அழகுதான், சங்கரபாண்டி" என்றார் கடைசியில். "கரைஞ்சுக்கிட்டு இருக்கு."

பச்சை மரத்திலிருந்து ஒரு புளிப்பு ஆவி வரும், மூடிய இழுப்பறைக்குள் ஈரமும் சேர்ந்தால் அது சுண்ணாம்பைத் தின்றுவிடும் என்று விளக்கினார். எலுமிச்சைச் சாற்றில் போட்ட சிப்பி மாதிரி, ஆனால் மெதுவாக. "படிச்சிருக்கேன். எனக்குத் தெரியாததில்ல. ஈர மரம்னு முதல் நாளே மூக்குல அடிச்சிருக்கணும். அண்ணன் குடுத்தாருன்னதும் மூக்கு வேலை செய்யல" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"பீரோவைத் திருப்பிக் குடுத்துருவோம்மா."

"என்னன்னு சொல்லி? அப்பா மரம் ஆகல, நீங்க செஞ்சது ஆகலன்னா?" என்றார். "ஊருக்கு வந்து இத்தனை வருசத்துல எனக்குன்னு அவரு நினைச்சுச் செஞ்சது இது ஒன்னுதான். வேணாம். பீரோ இங்கயே நிக்கட்டும். ஓடுகளை மட்டும் வெளிய எடுத்துருவோம்."

மரம் ஆகாது, அட்டைப் பெட்டி ஆகாது, தகரம் அந்த ஈரத்தில் துருப்பிடிக்கும். அலுமினியம்தான் சரி என்றார். என்னைப் போடிக்கு அனுப்பினார். அங்கே அளவுக்கு ஒத்து வந்தது டிபன் கேரியர் ஒன்றுதான். பாத்திரக் கடையில் இருந்த அத்தனை கேரியரையும் வாங்கினேன். கடைக்காரர், "ஓட்டல் தொறக்குறீகளாண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். நான் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அந்தச் செய்தி பேச்சியிடம் சேர்ந்திருந்தது. "கம்பவுண்டர் சோலியும் பொய்யி, ஓட்டலாவது நெசமா?" என்று கேட்டாள்.

ஆக, ஓடுகள் எல்லாம் டிபன் கேரியரில், அடுக்கு அடுக்காக, கட்டிலுக்கு அடியில். பீரோ மட்டும் காலியாக, மெருகோடு, அறையில். இந்த ஏற்பாடு ஒரு வாரம் கூட நிற்கவில்லை.

ஏலத்துக்கு வந்த இரண்டு வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு முதலாளி வந்துவிட்டார். எங்கள் அறைக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. "தங்கச்சியோட கடல் சாமானெல்லாம் இதுலதான் இருக்கு. அப்பா நட்ட மரம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு இழுப்பறையை இழுத்தார். காலி. அடுத்தது, காலி. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. வியாபாரிகள் நல்லவர்கள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார்கள். மழை ஏற்கனவே பெய்துகொண்டுதான் இருந்தது.

"ஏம்மா," என்றார் முதலாளி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் குடுத்ததுல வைக்க மனசு வரலையா உனக்கு?"

அம்மா திறந்து கிடந்த இழுப்பறையை உள்ளே தள்ளினார். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் சம்பளத்துக்கு ஏற்ற வேலை. ஆனால் நான் முந்திக்கொண்டேன்.

"அப்படி இல்லங்க முதலாளி. பீரோ கடலைத் திங்குது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடலையா? பீரோவுக்குள்ள எவன்டா கடலை வச்சது? எலி வந்துருச்சா?"

"கடலை இல்லங்க. கடலு. கடல!"

"என்னடா ஒளர்ற?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. முதலாளி திகைத்துப்போய் நின்றார். தகப்பனார் இறந்தபோது கூடத் தங்கை அழுது அவர் பார்த்திருக்கவில்லையாம், பின்னால் ஒரு நாள் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஆவி, ஈரம், சுண்ணாம்பு, அண்ணன் மனசு நோகக் கூடாது என்று மறைத்தது, எல்லாம்.

முதலாளி நெடுநேரம் பீரோவைத் தடவியபடி நின்றார். அப்புறம், "காட்டு" என்றார்.

நுண்ணோக்கியில் எந்தக் கண்ணை வைப்பது, எந்தக் கண்ணை மூடுவது என்பதிலேயே கொஞ்ச நேரம் போனது. முதலில் மாவாகப் போன ஒன்றைக் காட்டினார் அம்மா. அடுத்தது, புதிய இனத்தில் முழுசாக மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஓடு. மற்றதெல்லாம் போய்விட்டிருந்தன.

"இது என்னம்மா," என்றார் முதலாளி, கண்ணை எடுக்காமல். "ஏலக்காயைக் குறுக்க வெட்டுனா உள்ள மூணு அறை இருக்குமே, அந்த மாதிரியில்ல இருக்கு!"

"ஆமாண்ணே. அப்படித்தான் இருக்கு."

"இதையும் திங்க ஆரம்பிச்சிருச்சா?"

"ஓரத்துல லேசா. கழுவிட்டு நல்லாக் காய வைக்கணும். எல்லாத்தையுமே காய வைக்கணும். இந்த மழையில எங்கண்ணே வைக்கிறது? வெயிலே இல்ல."

வெயில் இல்லைதான். ஆனால் தோட்டத்தில் ஸ்டோர் இருந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை, ஏலக்காய் உலர்த்தும் கட்டிடம். வெளியே அடுப்பில் விறகு எரியும், புகை இரும்புக் குழாய் வழியாக உள்ளறையைச் சுற்றி வெளியேறும், கம்பி வலைத் தட்டுகளில் காய் காயும். அந்த மலையிலேயே ஈரம் இல்லாத அறை அது ஒன்றுதான். ஆனால் அப்போது காய்ப்பு உச்சம். பறித்த காயை உடனே உலர்த்தாவிட்டால் நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலக் கூடத்தில் யாரும் தொடமாட்டார்கள். காயையும் ஓட்டையும் ஒரே அறையில் வைக்கவும் முடியாது, பச்சைக் காயிலிருந்து வரும் நீராவி போதும், மிச்சத்தையும் முடித்துவிட.

முதலாளி வெளியே போய்க் குரல் கொடுத்தார். "சுருளி! ஸ்டோரைக் காலி பண்ணு."

ஸ்டோர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சுருளியண்ணன் தலையில் சாக்கோடு ஓடி வந்தார். "பாதிக் காயி ஈரமா இருக்குங்க முதலாளி. இன்னைக்குப் பறிச்ச லோடு வேற வருது."

"பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பு. அவன்கிட்ட நான் கேட்டுக்கிறேன். வெரசா ஆகட்டும்."

பக்கத்துத் தோட்டக்காரரும் இவரும் எல்லைத் தகராறில் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தே போய்க் கேட்டார்.

மறுநாளிலிருந்து நாங்கள் ஸ்டோரில் குடியிருந்தோம். நான் சில்லுகளைத் திறந்து கொடுப்பேன். அம்மா ஒவ்வொரு ஓட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து, பூத்திருந்ததைக் கரைத்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைப்பார். சூடு ஏறினால் அரிபட்ட ஓடு விரிசல் விட்டுவிடும், இறங்கினால் காயாது. வெப்பமானியைப் பார்த்து அம்மா உள்ளேயிருந்து சொல்ல, சுருளியண்ணன் வெளியே விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். "ஏலக்காயாவது வாய் தொறந்து வாசம் விடும். இது ஒரு வாசமும் விட மாட்டேங்குதே, வெந்துச்சா வேகலையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்பது அவர் கவலை.

அந்த ஒற்றை ஓட்டைக் கழுவும் நேரம் வந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையில் எடுத்தார். எனக்கு மழையில் நனைந்த சளி. மூக்கின் உள்ளே எங்கேயோ ஒரு தும்மல் கிளம்புவது தெரிந்தது. எழுந்தேன். கதவை ஓசைப்படாமல் திறந்தேன். சாத்தினேன். முற்றத்தைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையையும் தாண்டி, ஏலச்செடிகளுக்கு நடுவே மழையில் நின்று தும்மினேன். திரும்பி வந்தபோது ஓடு தட்டில் இருந்தது, முழுசாக. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றி" என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் மனசார எனக்குக் கிடைத்த பாராட்டு ஒரு தும்மலுக்குத்தான்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. ஒரு பகுதி மாவாகவே போய்விட்டது, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மிச்சம் காய்ந்து, டிபன் கேரியருக்குத் திரும்பியது.

மழை விட்டதும் பேராசிரியர் வந்தார். ஜீப்பில் வந்த களைப்பில் இருந்தவர் முன்னால், நான் வரிசையாகக் கேரியர்களைக் கொண்டுபோய் வைத்தேன். "இல்ல, சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல சேகரிப்பைக் காட்டுங்க" என்றார். முதல் அடுக்கைத் திறந்து காட்டினேன். அப்புறம் அவர் சாப்பாட்டையே மறந்துவிட்டார். சாயங்காலம் வரை பார்த்தார். சேகரிப்பை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அந்த மூன்று உருண்டை ஓட்டில் வந்து நின்றார்.

"இதுக்குப் பேர் யோசிச்சிட்டீங்களா மேடம்?"

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். 'எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்' என்று சொல்ல வேண்டிய வசனத்தைப் பல நாளாகப் பழகி வைத்திருந்தேன். முகத்தில் அடக்கமான புன்னகை ஒன்றைக் கொண்டுவந்தும் விட்டேன்.

"எங்க அண்ணன் பேரை வைக்கப் போறேன்" என்றார் அம்மா.

அந்தப் புன்னகையை என்ன செய்வதென்று தெரியாமல், அப்படியே வைத்துக்கொண்டு காபி கொண்டுவரப் போனேன். பேச்சியிடம் சொன்னபோது, "அதுக்குள்ள ஏலக்காய அவுகதான் கண்டுபிடிச்சாக, நீங்க என்னத்தக் கண்டுபிடிச்சீக?" என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

முதலாளிக்கு விஷயம் சொன்னதும், "என் பேரை ஒரு பூச்சிக்கா வச்சிருக்க?" என்று கோபப்படுவது போலக் கேட்டார். ஆனால் அடுத்த நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பு, அந்த உசுரு இருந்தது எந்தக் காலம்?" என்றார்.

"மனுசனே இல்லாத காலமுங்க முதலாளி."

"அப்பவே என் பேரா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார். பீரோவைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். "வேட்டியத் திங்காதுல்ல?" என்று மட்டும் அம்மாவிடம் உறுதி செய்துகொண்டார்.

தை பிறந்ததும் மெட்ராஸுக்குக் கிளம்பினோம். டிரங்குப் பெட்டிகள் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. நானும் பேச்சியும் கேரியர்களை வைத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால். அந்த ஒற்றை ஓடு இருந்த கேரியரை முதலாளி யாரிடமும் கொடுக்கவில்லை, முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டார். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். பிறந்ததிலிருந்து அந்த மலையடிவாரத்தில் இருந்தவன், அந்த ஒரு நாள்தான் எனக்கு அப்படி ஆனது.

போடி ஸ்டேஷனில் மதுரை வண்டி நின்றிருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதலாளி பிளாட்பாரத்தில், கையில் கேரியரோடு நின்றார். டிக்கெட் பரிசோதகர் கடந்து போகையில், "என்னங்கய்யா, சாப்பாடு பலமா இருக்கும் போலயே" என்றார்.

"சாப்பாடு இல்ல தம்பி" என்றார் முதலாளி. "கடலு."

பரிசோதகர் கேரியரை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அண்ணனும் தங்கையும் கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தாயா, சால்வை எடுத்தாயா என்று பேசிக்கொண்டார்கள். இருந்துவிடேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அம்மா இருந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். விசில் ஊதியது. கேரியரை ஜன்னல் வழியாக நீட்டினார், அம்மா வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. ஆனால் முதலாளி கைப்பிடியை விடவில்லை. ஜன்னலோடு சேர்ந்து நடந்தார்.

"விடுங்கண்ணே, வண்டி வேகமெடுக்குது."

"நீ நல்லாப் பிடிச்சிருக்கியாம்மா?"

"பிடிச்சிருக்கேண்ணே."

அதற்குப் பிறகுதான் விட்டார்.